மட்டமும் லெவலும்



இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் கட்டட ஒப்பந்தக்காரர். ஆண்டுக்கு ஒரு பேச்சு. அது ஒரு சொல்லைப் பற்றியும் இருக்க வேண்டும், ஒரு தொழிலைப் பற்றியும் இருக்க வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு முன் பேசியவர்கள் நல்ல தமிழ்ச் சொற்களையெல்லாம் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது ஓர் ஆங்கிலச் சொல். தட்டையான பரப்பைக் குறிக்க ஆங்கிலத்தில் பிளாட் உண்டு, பிளேன் உண்டு, ஈவன் உண்டு. பிளாட் என்று தொடங்கினால் காற்றுப் போன டயரிலிருந்து அடுக்குமாடி வீடு வரை போகலாம். நம்மூரில் காலி மனையும் பிளாட், கட்டி முடித்த வீடும் பிளாட் என்பதால் வாங்குகிறவர் பத்திரத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது. அதை விட்டுவிட்டு லெவல் என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன்.

இந்தச் சொல்லை ஆங்கிலம் என்று யாரும் நினைப்பதே இல்லை. “லெவல் பாத்துப் போடுப்பா” என்கிறார் மேஸ்திரி. “ஆயில் லெவல் கம்மியா இருக்கு” என்கிறார் மெக்கானிக். “சுகர் லெவல் ஏறியிருக்கு” என்கிறார் டாக்டர். “இதெல்லாம் கலெக்டர் லெவல்ல முடிக்க வேண்டிய விஷயம்” என்கிறார் கட்சிக்காரர். “தலைவர் லெவலே வேற” என்கிறார் ரசிகர். “ரொம்ப லெவல் காட்டாத மச்சி” என்கிறான் கல்லூரிப் பையன். மேஸ்திரியின் லெவலில் மேடு பள்ளம் இருக்கவே கூடாது. கல்லூரிப் பையனின் லெவலில் மேடு பள்ளம் இல்லையென்றால் அந்தச் சொல்லுக்கே வேலை கிடையாது. ஏற்றத்தாழ்வு இல்லை என்று சொல்வதற்காகப் பிறந்த சொல், ஏற்றத்தாழ்வைச் சொல்லும் சொல்லாக எப்படி மாறியது? இன்று உங்கள் முன் வைக்க விரும்பும் கேள்வி இதுதான்.

லத்தீன் மொழியில் லிப்ரா என்றால் தராசு. அதன் சிறுமைப் பெயர் லிபெல்லா, அதாவது குட்டித் தராசு. மட்டம் பார்க்கும் கருவிக்கும் அதுவே பெயர். அது பழைய பிரெஞ்சு மொழிக்குள் போய் உருமாறி, 14ஆம் நூற்றாண்டில் லெவல் என்று ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. துலா ராசியை ஆங்கிலத்தில் லிப்ரா என்பதும், பவுண்டு எடையை எல்.பி. என்று சுருக்கி எழுதுவதும், பவுண்டு நாணயத்தின் குறி கோடு போட்ட எல் எழுத்தாக இருப்பதும் அந்தத் தராசால்தான். ஆக, முதலில் லெவல் என்பது ஒரு பரப்பின் பெயர் அல்ல, ஒரு கருவியின் பெயர். தட்டை என்ற பொருள் பின்னால்தான் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கருவி மிக எளிமையானது. ஆங்கில ஏ எழுத்தைப் போல ஒரு மரச்சட்டம். உச்சியிலிருந்து நூலில் தொங்கும் ஒரு குண்டு. குறுக்குச் சட்டத்தின் நடுவில் ஒரு கோடு. நூல் அந்தக் கோட்டின் மேல் விழுந்தால் இரண்டு காலும் சம உயரத்தில் நிற்கின்றன என்று பொருள். எகிப்தில் அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த கைவினைஞர்கள் வாழ்ந்த டெய்ர் எல்-மெதினா என்ற ஊரில், 1886இல் சென்னெஜெம் என்பவரின் கல்லறையைத் திறந்தபோது இப்படி ஒரு சட்டம் கிடைத்தது. மூவாயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. தூக்குக்குண்டும் மூலைமட்டமும் வைத்திருக்கும் நம் கொத்தனாரிடம் அதைக் கொடுத்தால், யாரும் சொல்லித்தராமலேயே வேலையைத் தொடங்கிவிடுவார்.

கருவி சரியா என்று பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. சட்டத்தை ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, இடது கால் இருந்த இடத்தில் வலது கால் வருமாறு திருப்பி வைக்க வேண்டும். இரண்டு முறையும் நூல் நடுக்கோட்டின் மேலேயே விழுந்தாலோ, தரையின் ஒரே பக்கமாக ஒரே அளவு விலகி நின்றாலோ கருவியை நம்பலாம். ரசமட்டம் வாங்கப் போகும் விவரமான மேஸ்திரி கடையிலேயே இதைச் செய்து பார்ப்பார். தரை கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. கருவி பொய் சொல்கிறதா என்பது திருப்பிப் போட்டால் தெரிந்துவிடும். லெவல் என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிப் பின்னாலிருந்து படித்துப் பாருங்கள். நம் விகடகவி போல அதுவும் மாறாது. வெறும் தற்செயல்தான். ஆனாலும் தன் சோதனையில் தானே தேறும் சொல் எத்தனை மொழிகளில் இருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தோஷம்.

ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தம் நூலில் கொரோபேட்டஸ் என்ற இன்னொரு கருவியை விளக்குகிறார். இருபதடி நீள மரப்பலகை, அதற்குக் கால்கள், தொங்கும் நூல்கள். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்க்கு மட்டம் பார்க்க அது. காற்றடித்து நூல் ஆடினால் என்ன செய்வது? பலகையின் மேல் ஐந்தடி நீளத்துக்கு ஒரு பள்ளம் வெட்டித் தண்ணீர் ஊற்றிப் பார் என்கிறார். அதோடு நிற்காமல் ஓர் ஆட்சேபத்தையும் தானே எழுப்புகிறார்: ஆர்க்கிமிடிஸைப் படித்தவர்கள் தண்ணீரின் மேற்பரப்பு தட்டை இல்லை, உருண்டையின் ஒரு பகுதி, அதன் நடுப்புள்ளி பூமியின் நடுவில் இருக்கிறது என்று சொல்வார்களே, பிறகு தண்ணீரை வைத்து எப்படி மட்டம் பார்ப்பது? அவர் பதில் ஒரு கொத்தனாரின் பதில். தண்ணீர் தட்டையோ உருண்டையோ, பள்ளத்தின் இரு முனையிலும் ஒரே அளவுக்கு நின்றால் எனக்குப் போதும் என்கிறார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்த இடம்தான் நான் இன்று சொல்ல வந்ததற்குத் திறவுகோல். ஆர்க்கிமிடிஸ் பேசியது வடிவத்தைப் பற்றி. விட்ருவியஸ் பேசியது உறவைப் பற்றி. தட்டை என்பது வடிவம். லெவல் என்பது உறவு. மருத்துவமனையில் தள்ளுநாற்காலிக்குப் போட்ட சாய்தளம் தட்டையாக இருக்கிறது, ஆனால் லெவலாக இல்லை. கடல் லெவலாக இருக்கிறது, ஆனால் தட்டையாக இல்லை.

நாற்று நடுவதற்கு முன் பரம்படிக்கும் விவசாயிக்கு இந்த வேறுபாட்டை விளக்கவே வேண்டியதில்லை. தண்ணீர் கட்டிய சேற்று வயலில் மேடு தலை தூக்கித் தெரியும். அந்த மண்ணைப் பள்ளத்துக்குத் தள்ளுகிறார். அவருக்கு வேண்டியது தட்டையான வயல் அல்ல, எல்லாப் பயிரின் காலிலும் ஒரே ஆழத்தில் தண்ணீர் நிற்கும் வயல். லேசர் லெவலர் வந்த பிறகும் கேள்வி அதேதான்.

நாம் ரசமட்டம் என்று சொல்வதை ஆங்கிலத்தில் ஸ்பிரிட் லெவல் என்கிறார்கள். 1661 வாக்கில் மெல்கிசெடெக் தெவெனோ என்ற பிரெஞ்சுக்காரர் அதை உருவாக்கினார். குழாய்க்குள் இருப்பது ஆல்கஹால், அதனால்தான் ஸ்பிரிட். தண்ணீரைப் போல எளிதில் உறையாது. குமிழியும் தடையில்லாமல் ஓடும். அந்தக் கண்ணாடிக் குழாய் நேராக இருப்பதாகத்தான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அது லேசாக வளைந்திருக்கிறது. வளைவின் உச்சியைத் தேடித்தான் குமிழி வந்து நிற்கிறது. குழாய் அப்பழுக்கில்லாமல் நேராக இருந்திருந்தால், சிறு சாய்வுக்கே குமிழி ஒரு கோடிக்கு ஓடிவிடும், கருவி பயன்படாது. வளைவு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நுட்பமாக அது மட்டம் காட்டும். நேரைக் கண்டுபிடிக்கக் கோணல் தேவைப்படுகிறது என்பதை வைத்து ஒரு தத்துவச் சொற்பொழிவே நிகழ்த்தலாம்; அதை வேறொரு அறக்கட்டளைக்கு விட்டுவிடுகிறேன்.

தட்டையும் லெவலும் ஒன்று என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கே நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் கிழக்கே, வடிகால் வெட்டி உலர்த்திய சதுப்பு நிலத்துக்கு பெட்ஃபோர்ட் லெவல் என்று பெயர். அங்கே பழைய பெட்ஃபோர்ட் ஆறு என்ற கால்வாய் ஆறு மைலுக்கு அம்பு விட்டாற்போல் நேராக ஓடுகிறது. 1838இல் சாமுவேல் ரோபாதம் என்பவர் அதில் இறங்கி நின்று, தண்ணீருக்கு எட்டு அங்குலம் மேலே தொலைநோக்கியைப் பிடித்துக்கொண்டு, ஐந்தடி உயரக் கொடி கட்டிய படகு ஒன்று விலகிப் போவதைப் பார்த்தார். ஆறு மைல் போயும் கொடி மறையவில்லை. ஆகவே பூமி தட்டை என்று முடிவு கட்டிப் புத்தகமும் போட்டார். தண்ணீரை ஒட்டிய குளிர்ந்த காற்று ஒளியை வளைத்துவிடும் என்பதை அவர் கணக்கில் கொள்ளவில்லை.

அவரைப் பின்பற்றிய ஜான் ஹாம்ப்டன் 1870இல் ஐந்நூறு பவுண்டு பந்தயம் கட்டினார்: தண்ணீர் வளைந்திருக்கிறது என்று யாராவது காட்டட்டும். பந்தயத்தை ஏற்றவர் ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ். ஆம், டார்வினோடு இயற்கைத் தேர்வுக் கொள்கையைக் கண்டறிந்த அதே வாலஸ். இளமையில் நில அளவை செய்து பிழைத்தவர் என்பதால் எங்கே தவறு நேரும் என்று அவருக்குத் தெரியும். பார்வைக் கோட்டைத் தண்ணீரிலிருந்து பதின்மூன்று அடிக்கு மேலே தூக்கிவிட்டார். ஒரு பாலத்தில் தொலைநோக்கி, மறு பாலத்தில் அதே உயரத்தில் ஓர் அடையாளம், நடுவழியில் அதே உயரத்தில் தட்டு பொருத்திய கம்பம். நீர்ப்பரப்பு தட்டை என்றால் மூன்றும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். நடுக்கம்பத்தின் தட்டு தெளிவாக மேலே நின்றது. நடுவர் வாலஸ் வென்றதாக அறிவித்தார்.

கதை அதோடு முடிந்திருந்தால் பள்ளிப் பாடப் புத்தகத்தில் சேர்த்திருப்பார்கள். ஹாம்ப்டன் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. ஆண்டுக்கணக்கில் வாலஸைத் திருடன் என்று துண்டறிக்கை அடித்து வினியோகித்தார். வாலஸின் மனைவிக்கே மிரட்டல் கடிதம் போட்டார். அவதூறுக்காகச் சிறைக்கும் போய் வந்தார். கடைசியில் நீதிமன்றம், பந்தய ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது, பணத்தைத் திருப்பிக் கேட்டவருக்குத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தண்ணீரின் வளைவை நிரூபித்தவருக்குக் கிடைத்தது செலவும் மனக்கசப்பும். முட்டாளோடு பந்தயம் கட்டாதே என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதை வாலஸிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இன்றைய பொறியாளர்களுக்கு இதில் பந்தயம் கிடையாது, கணக்குத்தான். நியூயார்க்கில் 1964இல் திறந்த வெரசானோ-நாரோஸ் பாலத்தின் இரண்டு கோபுரங்களும் துல்லியமாகச் செங்குத்தானவை. ஆனாலும் அடியில் இருப்பதைவிட உச்சியில் அவற்றின் இடைவெளி சுமார் 41 மில்லிமீட்டர் அதிகம். இரண்டு இடத்துத் தூக்குக்குண்டும் பூமியின் நடுவை நோக்கித்தானே தொங்கும். இணையாக எப்படித் தொங்கும்?

லெவல் ஓர் உறவு என்றால், எதோடு உறவு என்ற கேள்வி வருகிறது. உயரத்தைப் பொறுத்தவரை உலகம் ஒப்புக்கொண்ட பதில், கடல். நம் ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைச் சிறு வயதில் எல்லோரும் படித்திருப்போம். எந்தக் கடல் என்று கேட்டவர் குறைவு. அலை, ஓதம், பருவம் என்று கடல் ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. துறைமுகத்தில் ஓத அளவியை வைத்து, ஆண்டுக்கணக்கில் குறித்து, சராசரி எடுத்துத்தான் மட்டத்தை உண்டாக்குகிறார்கள். பிரிட்டனுக்கு அது கார்ன்வாலின் நியூலின் துறைமுகத்தில் 1915 முதல் 1921 வரை எடுத்த சராசரி. இந்தியாவுக்கு, சென்னையும் நாகப்பட்டினமும் உள்பட ஒன்பது துறைமுகங்களில் எடுத்த சராசரிகளை வைத்து 1909இல் கணக்கு முடிக்கப்பட்டது. ஒன்பது இடத்திலும் கடல் ஒரே உயரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டுதான் அந்தக் கணக்கு. அப்படி நிற்பதில்லை என்பது பிறகு தெரிந்தது.

இதன் விலை என்ன என்று ரைன் ஆற்றங்கரையில் ஒரு பாலம் காட்டிக்கொடுத்தது. ஆற்றின் இரு கரையிலும் லாஃபன்பூர்க் என்றே பெயர். ஒன்று ஜெர்மனியில், மற்றொன்று சுவிட்சர்லாந்தில். நடுவில் பாலம் கட்ட இரு பக்கமிருந்தும் வேலை தொடங்கினார்கள். ஜெர்மனி தன் உயரங்களை வடகடலை வைத்து ஆம்ஸ்டர்டாம் மட்டத்திலிருந்து அளக்கிறது. சுவிட்சர்லாந்துக்குக் கடலே இல்லை என்றாலும் அளப்பது மத்தியதரைக் கடலிலிருந்து, மார்செய் மட்டத்தைக் கொண்டு. இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம். இதைப் பொறியாளர்கள் மறக்கவில்லை. தெரிந்துதான் திருத்தம் போட்டார்கள். கூட்டுவதற்குப் பதில் கழித்துவிட்டார்கள். 2003இல் இரு பக்கமும் நெருங்கியபோது 54 சென்டிமீட்டர் இடித்தது. இரண்டு தரப்பின் லெவலும் அதனதன் அளவில் குற்றமற்றது.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு வியப்பு இருக்கிறது. பூமியின் உட்பகுதியில் பொருள் சீராகப் பரவியிருக்கவில்லை; ஆகவே ஈர்ப்பும் எங்கும் ஒன்றுபோல் இல்லை. ஈர்ப்பு குறைந்த இடத்தில் கடல் பரப்பு தாழ்ந்து நிற்கும். உலகிலேயே மிக ஆழமாக அப்படித் தாழ்ந்திருப்பது நம் தென்முனைக்கும் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான். சீரான உருவமாகக் கணித்த பூமியின் பரப்பைவிட அங்கே கடல் சுமார் 106 மீட்டர் கீழே. நூறு மீட்டருக்கு மேற்பட்ட பள்ளத்தில் இறங்கி ஏறுகின்றன கப்பல்கள். மாலுமிக்கு எதுவும் தெரியாது. ரசமட்டத்தின் குமிழி நடுவிலேயே நிற்கும். ஏனென்றால் அங்கே அதுதான் லெவல்.

எதிலிருந்து அளக்கிறோம் என்பதை மாற்றினால் சிகரங்களின் வரிசையே மாறும். கடல் மட்டத்திலிருந்து என்றால் எவரெஸ்ட். பூமியின் நடுவிலிருந்து என்றால் ஈக்வடாரின் சிம்போராசோ, எவரெஸ்டைவிட ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் கூடுதல் தொலைவில் நிற்கிறது. பூமி நடுக்கோட்டில் புடைத்திருப்பது காரணம்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். மட்டக்கோடு தட்டையாக இருந்தால் மட்டும் போதாது, அது எந்த உயரத்தில் போகிறது என்றும் சொல்ல வேண்டும். அஸ்திவாரத்துக்கு ஒரு லெவல், பிளிந்த்துக்கு ஒரு லெவல், லிண்டலுக்கு ஒரு லெவல், ரூஃபுக்கு ஒரு லெவல். நம் சைட்டில் தினமும் கேட்கும் பேச்சுதான். ஒவ்வொன்றும் தன்னளவில் மேடு பள்ளம் இல்லாதது. ஆனால் ஒன்றுக்கு மேல் ஒன்று. சொல் திரும்பிய இடம் இதுதான் என்பது என் முடிவு. தட்டை என்ற பொருள் உதிர்ந்து, எத்தனையாவது உயரம் என்ற பொருள் தங்கிவிட்டது. மாடிக்கு லெவல் என்று பெயர் வந்தது. மாடி வந்தால் படி வரும், படி வந்தால் மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் வருவார்கள். இங்கிலாந்தில் 1951இல் பள்ளித் தேர்வுகளை ஓ லெவல், ஏ லெவல் என்று பிரித்தார்கள். இலங்கையில் அதுவே சாதாரண தரம், உயர் தரம். அங்கே “ஏ.எல். எடுத்திட்டானா?” என்ற கேள்விக்குள் ஒரு குடும்பத்தின் பல ஆண்டுக் கவலை அடங்கியிருக்கிறது. கைபேசி விளையாட்டில் பேரப்பிள்ளைகள் நாளெல்லாம் ஏறிக்கொண்டிருப்பதும் லெவல்தான். ரயில்வே லெவல் கிராசிங் மட்டும் பழைய பொருளிலேயே நிற்கிறது. சாலையும் தண்டவாளமும் ஒரே உயரத்தில் சந்திக்கும் இடம். நாமோ அதை “கேட்” என்று சொல்லிவிட்டு, கேட் போட்டவரைத் திட்டிக்கொண்டு நிற்கிறோம்.

தமிழ் மட்டம் இதற்கு நேர் எதிர்த்திசையில் போயிருக்கிறது. மட்டம் பார்ப்பது, நீர்மட்டம், கடல் மட்டம் என்னும்போது அது நடுநிலை. மட்டமான சரக்கு என்றால் கேவலம். மட்டக்குதிரை என்றால் குள்ளம். ஒருவரை மட்டம் தட்டுவது என்றால் அவமதிப்பது. வேலைக்கு மட்டம் போடுவது என்றால், மேலாளர்கள் விளக்கட்டும். ஒரே பொருளில் தொடங்கிய இரண்டு சொற்களில் ஆங்கிலச் சொல் மாடியேறிவிட்டது, தமிழ்ச் சொல் கீழே இறங்கிவிட்டது. இரண்டையும் சேர்த்துக் கையாளும் தமிழர் ஒருவரை உயர்த்த லெவலையும் தாழ்த்த மட்டத்தையும் எடுத்துக்கொள்கிறார். நடுவில் நிற்கும் சொல்லை நடுவில் நிற்க விடாத குணம் எந்த ஒரு மொழிக்கும் தனிச்சொத்தல்ல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆங்கிலத்தில் இன்னொரு விசித்திரம். பெயர்ச்சொல் மாடியேறிய பிறகும் வினைச்சொல் தரையிலேயே இருந்துவிட்டது. லெவல் என்று வினையாகச் சொன்னால் சமமாக்கு, தரைமட்டமாக்கு என்றே பொருள். அந்த வினை அரசியலுக்குள் வந்த கதை கொஞ்சம் நீளமானது. ஆனால் தவிர்க்க மனமில்லை.

1607இல் இங்கிலாந்தின் நடுப்பகுதியில், ஊர்ப் பொது நிலங்களைப் பண்ணைக்காரர்கள் வேலியடைத்துக்கொண்டார்கள். குடியானவர்கள் திரண்டு வேலிகளைப் பிடுங்கிப் போட்டு, அகழிகளைத் தூர்த்தார்கள். அவர்களை லெவலர்ஸ் என்று அழைத்தார்கள். அப்போது அது கைவேலையின் பெயர், பிடுங்கிச் சமப்படுத்துகிறவர்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, மன்னர் முதலாம் சார்லஸுக்கு எதிரான உள்நாட்டுப் போரில் வென்ற படைக்குள்ளும் லண்டன் தெருக்களிலும் ஒரு கூட்டம் எழுந்தது. ஜான் லில்பர்ன், ரிச்சர்ட் ஓவர்டன், வில்லியம் வால்வின் ஆகியோர் அதன் எழுத்தாளர்கள். சட்டத்தின் முன் எல்லோரும் ஒன்று, மதத்தில் கட்டாயம் கூடாது, வாக்குரிமை விரிய வேண்டும் என்று கேட்டார்கள். 1647 அக்டோபர் கடைசியில் லண்டனை ஒட்டிய பட்னியில், தேவாலயத்துக்குள் படைத்தளபதிகளும் படைவீரர்களின் பிரதிநிதிகளும் உட்கார்ந்து, ஒரு நாட்டில் யாருக்கெல்லாம் வாக்கு என்று வாதிட்டார்கள். கர்னல் ரெயின்ஸ்பரோ மிக ஏழையான மனிதனின் ஒப்புதலும் வேண்டும் என்றார். தளபதி கிராம்வெல்லின் மருமகன் ஐர்ட்டன், சொத்தில்லாதவனுக்கு வாக்கைக் கொடுத்தால் நாளை சொத்தையே பங்கு போடச் சொல்வான் என்றார். ஒரு செயலர் சுருக்கெழுத்தில் எடுத்த குறிப்புகள் ஆக்ஸ்ஃபோர்டில் கவனிப்பாரற்றுக் கிடந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் அச்சேறின. இல்லாவிட்டால் இந்த விவாதம் நமக்குக் கிடைத்திருக்காது.

இந்தக் கூட்டத்துக்கு லெவலர்ஸ் என்று பெயர் சூட்டியவர்கள் எதிரிகள். உங்கள் வீட்டையும் நிலத்தையும் தரைமட்டமாக்க வருகிறார்கள் என்று ஊரை மிரட்ட அந்தப் பெயர். 1649 ஏப்ரலில் லண்டன் டவர் சிறையிலிருந்து தலைவர்கள் வெளியிட்ட அறிக்கையில், எல்லோருடைய சொத்தையும் சமமாக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லவே இல்லை என்று மறுத்தார்கள். அதே மாதங்களில் சர்ரே மாவட்டத்துக் குன்றொன்றில் தரிசைக் கொத்திப் பயிரிட்ட ஜெரார்டு வின்ஸ்டன்லியின் கூட்டமோ, நாங்கள்தான் உண்மையான லெவலர்ஸ் என்று அந்த வசவை விரும்பி எடுத்துக்கொண்டது. அந்த மே மாதத்தில் பர்ஃபோர்ட் என்ற ஊரின் தேவாலய வளாகத்தில், கலகம் செய்த லெவலர் வீரர்கள் மூவரைச் சுட்டுக் கொன்றார்கள். அரசியல் பெயர்களில் பாதி எதிரி வைத்ததாகத்தான் இருக்கும்போலும். எதை ஏற்பது எதை மறுப்பது என்பதிலேயே கட்சிகள் பிரிந்துவிடுகின்றன.

நூறு ஆண்டுக்குப் பிறகு அகராதி தந்த சாமுவேல் ஜான்சன் இந்தச் சமத்துவக்காரர்களைச் சீண்டிய கதையை 1763இல், அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பாஸ்வெல் குறித்து வைத்திருக்கிறார். வரலாற்றாசிரியர் கேத்தரின் மெக்காலே அம்மையார் குடியரசுக் கொள்கை உடையவர். அவர் வீட்டுக்கு விருந்துக்குப் போன ஜான்சன், தாமும் மனம் மாறிவிட்டதாகச் சொல்லி, அம்மையாரின் வேலைக்காரரையும் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள் என்றாராம். அம்மையாருக்கு அதன் பிறகு அவரைப் பிடிக்கவில்லை. தங்களுக்கு மேலே இருப்பவர்களைக் கீழிறக்கத்தான் இவர்களுக்கு ஆசை, கீழே இருப்பவர்களை ஏற்றிக்கொள்ள மனம் வராது என்பது ஜான்சனின் குத்தல். கூர்மையானதுதான். ஆனால் கொலையுண்ட மூன்று வீரர்களுக்கு அது பொருந்தாது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர்களிடம் வேலைக்காரர்கள் இருந்ததில்லை.

பிரிட்டனின் 2019 தேர்தலில் இன்னொரு ஜான்சன், அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சன், லெவலிங் அப் என்ற முழக்கத்தைப் பிடித்துக்கொண்டார். பின்தங்கிய வட்டாரங்களை மேலே கொண்டுவருவோம், யாரையும் கீழிறக்க மாட்டோம் என்பது அதன் சாரம். 2021இல் ஓர் அமைச்சகத்துக்கே அந்தப் பெயரைச் சூட்டினார்கள்; 2024இல் ஆட்சி மாறியதும் பெயர்ப்பலகை இறங்கியது. எந்த மட்டத்துக்கு மேலேற்றுவோம் என்று கேட்டால் லண்டனின் மட்டத்துக்கு என்பதுதான் பதிலாக இருந்திருக்கும். லண்டன் அசையாமல் நின்றால்தானே அது ஆதார மட்டம்?

கடைசியாக, லெவல் பிளேயிங் ஃபீல்ட். வணிக ஒப்பந்தம் பேசுகிறவர்களும், வரிச்சலுகை கேட்கும் தொழிலதிபர்களும், பொருளாதாரப் பத்தி எழுதுகிறவர்களும் வாய்க்கு வாய் சொல்கிற தொடர். ஆடுகளம் சமமாக இருந்தால்தான் ஆட்டம் நியாயமாக இருக்குமாம். கிரிக்கெட்டின் தலைமையகம் என்று மதிக்கப்படும் லார்ட்ஸ் மைதானம் சமமாக இல்லை. வடமேற்கு மூலைக்கும் தென்கிழக்கு மூலைக்கும் இடையே சுமார் 2.5 மீட்டர் சரிவு. ஓர் ஆள் நின்றால் தலை தெரியாத அளவு. அதனால் பெவிலியன் முனையிலிருந்து வீசும் பந்து வலதுகை ஆட்டக்காரருக்கு உள்ளே வரும். நர்சரி முனையிலிருந்து வீசினால் வெளியே போகும். ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் கிளென் மெக்ராத் முதல் முனையை வைத்து என்ன செய்தார் என்பது இங்கிலாந்து ஆட்டக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 1814 முதல் அங்கே ஆடிக்கொண்டிருக்கிறார்கள். சரிவை நிரவவில்லை. ஓவருக்கு ஓவர் முனை மாறுகிறது, இரு அணியும் அதே சரிவில் வீசுகின்றன, அதே சரிவில் ஆடுகின்றன, யாரும் முறையிடுவதில்லை. சமமான ஆடுகளம் கேட்டு மனுக் கொடுப்பவர்களில் ஒருவராவது, எதிர்த்தரப்போடு முனை மாற்றிக்கொள்ளத் தயார் என்று எழுதி நான் இதுவரை பார்க்கவில்லை.

அமைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.